பல் மருத்துவ உதவியாளர் வேலை: ‘முன் அனுபவம் தேவையில்லை’ என்ற வரிக்குப் பின்னால்

மதுரையில் கே.கே.நகர், அண்ணா நகர், பைபாஸ் ரோடு பக்கம் போனால் ஏதாவது ஒரு பல் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘உதவியாளர் தேவை. பெண்கள் மட்டும். முன் அனுபவம் தேவையில்லை.’ மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று சுற்று ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிற, பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு இது ஒரு வாசல். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பதற்கு இது மேல் என்று தோன்றும். ஏசி அறை, மெடிக்கல் லைன், டாக்டர் பக்கத்தில் வேலை என்பதால் வீட்டிலும் பெரிதாகத் தடை சொல்ல மாட்டார்கள்.

அந்தத் தாளின் மூன்றாவது வரிதான் இடிக்கிறது. அனுபவம் இல்லாமல் வரலாம், தப்பில்லை. பயிற்சியே இல்லாமல் ஒருவரைச் சிகிச்சை அறைக்குள் விடலாமா?

2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களில் 8 பேர் இறந்தார்கள். மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று மூளை வரை போய்விட்டது. வேலூர் சி.எம்.சி., இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வு 2025-ல் வெளிவந்தது. அது கை காட்டிய இடம் ஒரு சலைன் பாட்டில். சுத்திகரிக்காத ஒரு கருவியால் பாட்டிலைத் திறந்து, அதன் வாயில் பஞ்சை அடைத்து வைத்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதே சலைனைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எந்த உதவியாளரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவமனையில் நடப்பதற்கெல்லாம் பொறுப்பு அதை நடத்தும் மருத்துவருக்குத்தான். ஆனால் பாட்டிலைத் திறப்பது, கருவியைக் கழுவுவது, டிரேயை அடுக்குவது எல்லாம் பெரும்பாலான இடங்களில் உதவியாளரின் கை வழியாகத்தான் போகின்றன. ‘எடுபிடி வேலைதானே’ என்று நினைத்துக்கொண்டு சேருகிறவரிடம் உண்மையில் ஒப்படைக்கப்படுவது இதுதான்.

பெண்கள் மட்டும் என்ற இரண்டாவது வரிக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1885 வாக்கில் ஒரு பெண்ணை உதவியாளராக வைத்தார். அந்தக் காலத்தில் பெண்கள் துணையில்லாமல் பல் மருத்துவரிடம் போக மாட்டார்கள். அறையில் ஒரு பெண் இருக்கிறார் என்று தெரிந்ததும் தனியாகவே வரத் தொடங்கினார்கள். மதுரையில் இன்றும் பாதிக் காரணம் அதுதான். இதே கெல்ஸ்தான் அமெரிக்காவில் பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்த முன்னோடிகளில் ஒருவர். கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாத நாட்கள் அவை. புற்றுநோய் வந்து விரல்களையும் பிறகு கையையும் இழந்தார். 1928-ல் இறந்தார். எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் வாயில் பிலிமையோ சென்சாரையோ உதவியாளர் தன் விரலால் பிடித்துக்கொள்ளக் கூடாது என்ற விதி சும்மா வந்ததல்ல. ‘ஒரு செகண்டுதான், பிடிச்சுக்கோம்மா’ என்று யார் சொன்னாலும் மறுக்கலாம். பிடித்துக்கொள்வதற்கென்றே ஹோல்டர் இருக்கிறது.

கழுவும் மேடையில் தொடங்கும் படிப்பு

புதிதாகச் சேருகிறவர்கள் டாக்டர் பக்கத்தில் நின்று சக்ஷன் (எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சும் குழாய்) பிடிப்பதுதான் வேலை என்று எண்ணி வருகிறார்கள். நல்ல மருத்துவமனைகளில் முதல் சில வாரங்கள் அந்தப் பக்கமே விட மாட்டார்கள். பின்னால் இருக்கும் கழுவும் மேடையும், நீராவியின் அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் மெஷினும்தான் முதல் பள்ளிக்கூடம்.

வாயிலிருந்து வந்த கருவியில் ரத்தமும் எச்சிலும் காய்வதற்கு முன் கழுவ வேண்டும். காய்ந்து ஒட்டிய ரத்தத்துக்கு அடியில் இருக்கும் கிருமியை நீராவியும் முழுதாகத் தொடாது. கழுவி, துடைத்து, உறையில் போட்டு, ஒட்டி, தேதி எழுதி, பிறகு ஆட்டோகிளேவ். 121 டிகிரி செல்சியஸ் என்றால் 15 முதல் 20 நிமிடம். 134 டிகிரி என்றால் குறைந்தது 3 நிமிடம். இந்த நேரம் வெப்பம் அந்த அளவைத் தொட்ட பிறகு தொடங்குவது, சுவிட்ச் போட்டதிலிருந்து அல்ல. உறையில் இருக்கும் பட்டை நிறம் மாறிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான உறைகளில் அந்தப் பட்டை சொல்வது உள்ளே சூடு பட்டது என்பதை மட்டும்தான். கிருமி செத்ததா என்று பார்க்க கிருமி வித்துக்களை வைத்துச் செய்யும் ஸ்போர் சோதனை தனியாக உண்டு. வெளியே எடுக்கும்போது உறை ஈரமாக இருந்தால் அதைச் சுத்தமானது என்று கணக்கில் எடுக்கவே கூடாது, ஈரக் காகிதம் வழியாகக் கிருமி உள்ளே போகும்.

தண்ணீர் ஒரு தலைவலி. நம்மூர் போர் தண்ணீரின் உப்பு ஆட்டோகிளேவுக்குள் படிந்து வால்வை அடைக்கும், கருவிகளில் கறை ஏற்றும். அதற்கு டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு மெஷின் ரிப்பேர் என்று கம்பெனிக்காரரைக் கூப்பிடுகிற இடங்களும் உண்டு. இன்னொன்று, கருவியைக் கொதிநீரில் போட்டு எடுப்பது ஸ்டெரிலைசேஷன் (முழுக் கிருமி நீக்கம்) ஆகாது. சில கிருமிகளின் வித்துக்கள் கொதிநீரிலும் பிழைக்கும். வேலைக்குச் சேரப் போகும் இடத்தில் ஆட்டோகிளேவ் இல்லாமல் கொதிநீர்ப் பாத்திரம் மட்டும் இருந்தால், கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம்.

குப்பையும் பாடம்தான். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள்படி ரத்தம் பட்ட பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சள் பையில் போகும். கையுறையும் சக்ஷன் குழாயும் சிவப்பில். ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். (உலோகக் கலவை அடைத்த பல்லை மட்டும் எரிக்கும் குப்பையில் சேர்க்கக் கூடாது, அதில் பாதரசம் இருக்கிறது.) கறுப்புக் கவரில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டித் தெருவில் வைப்பது விதிமீறல் மட்டுமல்ல, மறுநாள் காலையில் தூய்மைப் பணியாளரின் கையில் ஊசி ஏறும்.

சேர் பக்கத்தில்

அடுத்த கட்டம் நோயாளி சாய்ந்திருக்கும் சேர். மருத்துவரும் உதவியாளரும் சேர்ந்து நான்கு கைகளால் வேலை செய்யும் முறையை முறைப்படி கற்றுக்கொடுக்கிற இடங்களில் கடிகார முகத்தை வைத்து விளக்குவார்கள். நோயாளியின் தலை 12 மணி என்று வைத்துக்கொண்டால், வலதுகைப் பழக்கமுள்ள மருத்துவர் 7-க்கும் 12-க்கும் நடுவில் இருப்பார். உதவியாளருக்கு 2 முதல் 4 வரை. கருவி கை மாறுவது 4-க்கும் 7-க்கும் நடுவில், அதாவது நோயாளியின் தாடைக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே. முகத்துக்கு நேரே எதையும் நீட்டுவதில்லை. கூர்முனைக் கருவியான புரோப் ஒன்று கண்ணில் விழுந்தால் போதும், வாழ்நாள் பிரச்சினை. நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று பல்லைக் குடையும் ஏரோட்டார் தண்ணீரைப் பீய்ச்சும்போது சக்ஷனை எங்கே வைப்பது, நாக்கையும் கன்னத்தையும் எப்படி ஒதுக்கிப் பிடிப்பது என்பதெல்லாம் புத்தகத்தில் ஒரு பக்கம்தான் வரும். கைக்கு வர மாதக்கணக்காகும்.

பற்களின் எண்ணை மனப்பாடமாக்கியே ஆக வேண்டும். வாயை நான்காகப் பிரித்து 11-லிருந்து 48 வரை எண் கொடுப்பது இங்கே வழக்கம். பால் பற்களுக்கு 51-லிருந்து 85 வரை. டாக்டர் ‘36’ என்றால் கீழே இடப்பக்கம் முதல் கடைவாய்ப்பல். கேட்ட மாத்திரத்தில் கை கார்டில் அந்த இடத்துக்குப் போக வேண்டும். தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் ரூட் கெனால் பைல்களில் தடிமன் எண்ணுக்கேற்ற நிறமும் அப்படித்தான்: 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. 45-ல் திரும்பவும் வெள்ளை வரும். புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

அப்புறம் கலவைகள். பற்களின் அச்சை, அதாவது அளவை, எடுக்கும் ஆல்ஜினேட் பொடி தண்ணீரின் சூட்டைப் பொறுத்து இறுகும். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டியிலிருந்து வரும் மதுரைத் தண்ணீரில் கலக்கினால் வாயில் வைப்பதற்குள் கட்டியாகிவிடும். பிரிட்ஜ் தண்ணீர் கொஞ்சம் சேர்ப்பது எல்லாருக்கும் தெரிந்த கைமருந்து. எடுத்த அளவைச் சும்மா வைத்தால் காற்றில் சுருங்கும், கால் மணி நேரத்துக்குள் மாதிரிக்கான ஸ்டோன் மாவைக் கரைத்து ஊற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் ஈரப் பஞ்சு சுற்றி மூடி வைக்கலாம். கட்டுப்பல் சரியாக உட்காரவில்லை என்று அதைச் செய்து தரும் லேபைத் திட்டும் நேரங்களில் பாதி தப்பு இந்தக் கால் மணி நேரத்தில் நடந்திருக்கும். பல் மருத்துவமனைக்கென்று ஒரு வாசனை இருக்கிறதே, அதில் முக்கியப் பங்கு கிராம்பெண்ணெயிலிருந்து வரும் யூஜினாலுக்கு. அதைத் துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பார்கள். ஈரமும் சூடும் இருந்தால் இதுவும் சீக்கிரம் இறுகும்.

கருவிகளை விட மனிதர்களைச் சமாளிப்பது கடினம் என்பது இந்த வேலையில் பழகிய யாரும் சொல்வது. உசிலம்பட்டியிலிருந்து வந்த பெரியவர் சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை என்பார். ‘தினமும் ஏதாச்சும் மாத்திரை போடுறீங்களாய்யா?’ என்று மாற்றிக் கேட்டால், ‘ஆமாத்தா, நெஞ்சுக்கு ஒண்ணு போடுறேன்’ என்று பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். அது ரத்தத்தை இளக்கும் மாத்திரையாக இருந்தால் பல்லைப் பிடுங்குவதற்கு முன் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். ‘ஊசி வலிக்குமா தங்கச்சி?’ என்று கேட்பவரிடம் ‘வலிக்கவே வலிக்காதுண்ணே’ என்று சொல்லாமல், ‘லேசா சுருக்குன்னு இருக்கும், அப்புறம் மரத்துப்போகும்’ என்று சொல்பவரை நோயாளி அடுத்த முறையும் நம்புவார். விரதம் இருந்துவிட்டு வெறும் வயிற்றில் வந்து சேரிலேயே மயங்குகிறவர்கள் உண்டு. சேரைப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, டாக்டரைக் கூப்பிட வேண்டும். சாப்பிட்டீர்களா என்ற ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் பல நேரம் இது நடக்காது.

தன் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 3 தவணை: முதல் நாள், 1 மாதம், 6 மாதம். முடித்து 1 அல்லது 2 மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு 100-க்கு 30 வரை போகும். எச்.ஐ.வி.க்கு அது 1000-க்கு சுமார் 3. ஆனால் எல்லாரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்குத்தான். ஊசி குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். சீக்கிரம் எவ்வளவோ அவ்வளவு நல்லது. அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு உடனே போகலாம். டாக்டர் திட்டுவாரே என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிடுவதுதான் ஆபத்து.

சான்றிதழ் என்ற குழப்பம்

இத்தனை பொறுப்புள்ள வேலைக்குச் சட்டத்தில் என்ன இடம்? 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் மூன்று பேரைப் பதிவு செய்யச் சொன்னது: பல் மருத்துவர், பல்லைச் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட், கட்டுப்பல் செய்யும் டென்டல் மெக்கானிக். சேர் பக்கத்தில் நிற்கும் அசிஸ்டென்டுக்கு அதில் பதிவேடு இல்லை. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் பல் மருத்துவர்களோடு துணைப் பணியாளர்களுக்கும் தேசியப் பதிவேடு என்று பேசுகிறது. பிரிட்டனில் இதே வேலையைச் செய்பவர் டென்டல் நர்ஸ். அங்கே பயிற்சியில் இருப்பவரைத் தவிர, பொதுப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்யாமல் யாரும் அந்த வேலையைப் பார்க்க முடியாது.

இங்கே பதிவு இல்லை என்பதால் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அடிக்கலாம் என்று ஆகிவிட்டது. ஆறு மாத டிப்ளமா, ஒரு வருட டிப்ளமா, ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று போஸ்டர்கள். சிலவற்றில் சேரைக் கண்ணால் பார்க்காமலேயே படிப்பு முடிந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எத்தனை வாரம், எந்த மருத்துவமனையில், நேரடிப் பயிற்சி? ‘அதெல்லாம் ஏற்பாடு பண்ணித்தருவோம்’ என்பது பதில் ஆகாது. மதுரையில் கீழவெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெஸ்ட் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் ஒரே நாளில் பல்லெடுப்பதிலிருந்து குழந்தைப் பல் சிகிச்சை வரை எல்லாத் துறைகளையும் பார்க்கலாம். அங்கே உதவியாளராகவோ பயிற்சியாளராகவோ இடம் கிடைக்குமா என்று நேரில் போய்க் கேட்பது, போஸ்டரில் இருக்கும் நம்பருக்குப் போன் அடிப்பதை விடப் பயன் தரும்.

உண்மையில் படிக்க விருப்பமும் இரண்டு ஆண்டு அவகாசமும் இருந்தால் டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமாவைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அதற்கு மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு உண்டு. பல்லைச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங்கை மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். அசிஸ்டென்ட் ஸ்கேலிங் செய்யக் கூடாது, ஊசி போடக் கூடாது. ‘அஞ்சு வருஷமாப் பாக்குறேன், எனக்கே எல்லாம் தெரியும்’ என்று கை நீளும் இடம் இது. பதிவு இல்லாமல் பல் மருத்துவம் பார்ப்பது குற்றம். சிறு ஊர்களில் போலி டாக்டராகப் பிடிபடுகிறவர்களில் ஒரு காலத்தில் உதவியாளராக இருந்தவர்களும் இருக்கிறார்கள். கூட்டம் அதிகமான மாலையில் டாக்டரே ‘நீ பாத்துக்கோம்மா’ என்று சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

மதுரைக்கு இதில் ஒரு முன்னுதாரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து வேலையில் வைக்கிறது. பார்வை சோதனையிலிருந்து அறுவை அரங்கம் வரை அந்தப் பெண்கள் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. அதே ஊர், அதே சுற்றுக் கிராமங்கள், அதே பிளஸ் டூ. பல் துறையில் அது ஏன் நடக்கவில்லை? காரணம் அளவுதான். பல் மருத்துவம் பெரும்பாலும் ஒரு டாக்டர், ஒன்றிரண்டு சேர், ஒன்றிரண்டு உதவியாளர் என்று சிதறிக் கிடக்கிறது. இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்க அந்த ஒரு டாக்டரால் முடியாது. கொடுத்தாலும் அடுத்த தெரு மருத்துவமனை ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்ளும் என்ற பயம். கல்யாணம் ஆனால் நின்றுவிடுவார் என்ற கணக்கு வேறு. ஆகவே யாரும் பயிற்சியில் முதலீடு செய்வதில்லை, பயிற்சி இல்லாததால் சம்பளமும் ஏறுவதில்லை. கல்லூரிகளும் மருத்துவர் சங்கக் கிளைகளும் சேர்ந்து நினைத்தால் உடைக்கக்கூடிய சுழல்தான். அதுவரை அந்தப் பெண்தான் தன் பயிற்சியைத் தானே துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சேருவதற்கு முன் பேச வேண்டியவை

தொடக்கச் சம்பளம் குறைவு, அதை மறைத்துப் பயனில்லை. முதல் வேலையைச் சம்பளத்தை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்காமல், எத்தனை விதமான சிகிச்சை நடக்கிறது, சொல்லிக்கொடுக்க மூத்த உதவியாளர் இருக்கிறாரா, தடுப்பூசிச் செலவை மருத்துவமனை ஏற்குமா என்று பார்ப்பது நல்லது. ஈறு, பல் கட்டும் சிகிச்சை, இம்ப்ளான்ட் என்று சிறப்பு மருத்துவர்கள் வந்துபோகிற இடத்தில் ஒரு வருடத்தில் கற்பதை, ஸ்கேலிங்கும் பல்லெடுப்பதும் மட்டும் நடக்கிற இடத்தில் மூன்று வருடத்திலும் கற்க முடியாது.

நேரத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். பல மருத்துவமனைகள் காலையில் ஒரு பாதி, மாலையில் ஒரு பாதி நடக்கின்றன. நடுவில் மூன்று நான்கு மணி நேரம் வெளியூர்ப் பெண் எங்கே போவார்? இரவு ஒன்பது மணிக்கு ஒரு ரூட் கெனால் இழுத்துக்கொண்டே போனால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கடைசி டவுன் பஸ் நிற்காது. ‘எட்டரைக்கு என்னை விட்டுருங்க சார்’ என்பதைச் சேருகிற அன்றே சொல்லிவிட வேண்டும், மூன்றாவது மாதம் சொன்னால் அது புகாராகிவிடும்.

இ.எஸ்.ஐ., பி.எப். பற்றியும் கேட்கலாம். ஆனால் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை, பி.எப்.புக்கு 20 பேர் வேண்டும். தெருமுனை மருத்துவமனைகள் இந்தக் கணக்குக்குள் வராது. பெரிய செயின் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் வரும். தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் அவ்வப்போது பல் மருத்துவ உதவியாளர் பணியிடங்களை ஒப்பந்த அடிப்படையில் அறிவிக்கின்றன, மாவட்ட இணையதளத்தில் கண் வைத்திருக்கலாம்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் முதல் நாளிலிருந்தே காகிதம் சேர்க்க வேண்டும். வளைகுடா நாடுகளில் வேலைக்கு விண்ணப்பித்தால் சான்றிதழையும் அனுபவக் கடிதத்தையும் வழங்கிய இடத்திலேயே விசாரித்துச் சரிபார்ப்பார்கள். ரொக்கமாகச் சம்பளம் வாங்கி, கையெழுத்தோ வங்கிக் கணக்கோ இல்லாமல் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு அந்த ஐந்து ஆண்டும் அங்கே கணக்கில் வராது. அதனால் சேரும்போது லெட்டர்பேடில் ஒரு பணி நியமனக் கடிதம், மாதாமாதம் வங்கியில் சம்பளம், விலகும்போது தேதியோடு அனுபவக் கடிதம் என்று கேட்டு வாங்குங்கள். நியாயமான டாக்டர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.